பாதுகாப்புச் செலவை வெட்டினால் அந்தப் பணம் கடலூருக்கு வருமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். உங்கள் அப்பா தேவனாம்பட்டினத்தில் படகு வைத்துத் தொழில் செய்கிறார். ராணுவத்துக்குக் கொட்டுகிற பணத்தில் பாதியைக் குறைத்தாலே நம் பக்கம் தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கும் கல் தடுப்பு), மீன்பிடித் துறைமுகம், புயல் பாதுகாப்பு எல்லாம் வந்துவிடும் என்பது அவர் வாதம். நீங்களோ அக்னிவீர் தேர்வுக்காக, அதாவது அக்னிபத் திட்டத்தின் நான்கு ஆண்டுப் படைப்பணிக்காக, தினமும் சில்வர் பீச்சில் ஓடுகிறீர்கள். செலவைக் குறைத்தால் நாடு தாங்காது என்கிறீர்கள். நடுவில் யாரோ ஒருவர், முப்படைகளும் தங்களுக்குள் பணத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்று சொல்லியிருக்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் அடியில் கிடக்கும் கேள்வி வேறாகத் தெரிகிறது: பாதுகாப்பு பட்ஜெட்டில் ஒரு ரூபாயை வெட்டினால் அது எங்கிருந்து வெட்டுப்படும், பிறகு எங்கே போகும்? அதற்குப் பதில் சொன்னால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

நான் பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று மஞ்சக்குப்பத்தில் இருப்பவன். பில் பார்த்தவன், போர்த்திட்டம் வகுத்தவன் அல்ல. பணம் எப்படி வருகிறது, எப்படிச் செலவாகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். நாட்டுக்கு விமானந்தாங்கிக் கப்பல் தேவையா, நீர்மூழ்கி தேவையா என்றால் என் பேச்சை ஒரு குடிமகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், செலவு வெட்டப்படுகிறதா? ரூபாய்க் கணக்கில் இல்லை. 2024-25 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.22 லட்சம் கோடி, 2025-26இல் 6.81 லட்சம் கோடி. ஒன்பதரை சதவீதம் கூடுதல். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் அது 1.9 சதவீதம்தான். 1980களின் பிற்பகுதியில் அந்தப் பங்கு மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்தது. 1991 நெருக்கடிக்குப் பிறகு இறங்கியது, மறுபடி அந்த உயரத்துக்கு ஏறவே இல்லை. ஆகவே 'ஏற்றுகிறார்கள்' என்பவரும் 'குறைக்கிறார்கள்' என்பவரும் ஒரே கணக்கை இரண்டு பக்கத்திலிருந்து படிக்கிறார்கள்.

அந்த 6.81 லட்சம் கோடியைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 2025-26இல் சம்பளம், ரேஷன், எரிபொருள், பராமரிப்பு என்று படைகளின் அன்றாட ஓட்டத்துக்கு 3.12 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு 1.61 லட்சம் கோடி. புது ஆயுதம், கப்பல், விமானம் வாங்கும் மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. மீதி சுமார் 28,700 கோடி, கடலோரக் காவல் படை, எல்லைச் சாலை போன்றவற்றுக்கு. ஓய்வூதியமும் மூலதனமும் கிட்டத்தட்ட தோளுக்குத் தோள் நிற்பதைக் கவனியுங்கள். உள்ளே நடக்கும் நெருக்கடிக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

மூலதனம் என்று எழுதியிருக்கும் பணம் முழுவதும் புதிதாக வாங்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்குச் சட்டென்று புரியும்படி சொல்கிறேன்: படகு எஞ்சினைத் தவணையில் வாங்கியவர், இந்த வருஷம் மீன்பாடு எப்படி இருந்தாலும் தவணையைக் கட்டியே ஆக வேண்டும். படைகளின் மூலதனத்திலும் பெரும்பங்கு, முந்தைய ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை. 2018இல் ராணுவத் துணைத் தளபதி நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் சொன்ன கணக்கு இன்றும் படிக்கத் தகுந்தது. அந்த ஆண்டு தரைப்படையின் நவீனமயத்துக்குக் கிடைத்தது 21,338 கோடி. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்குக் கட்ட வேண்டியதோ 29,033 கோடி. புதிதாக ஒரு துப்பாக்கிகூட வாங்காமலேயே கிட்டத்தட்ட எட்டாயிரம் கோடி துண்டு விழுந்தது. தங்கள் தளவாடத்தில் 68 சதவீதம் பழசாகிவிட்டது என்றும் அதே அமர்வில் சொன்னார்.

சரி, இப்போது வெட்டு எப்படி விழுகிறது என்று பாருங்கள். பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வாசிப்பது பட்ஜெட் மதிப்பீடு. டிசம்பர், ஜனவரி வாக்கில் திருத்திய மதிப்பீடு போடுவார்கள். வரி வசூல் சுணங்கினால், பற்றாக்குறை கைமீறினால், நிதி அமைச்சகம் அப்போது கையை வைக்கும். சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஓய்வூதியத்தில் முடியாது. வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டிய தவணையை நிறுத்தினால் அபராதம், வழக்கு. அப்புறம் மிச்சம் என்ன? உதிரி பாகம், பயிற்சிக்குச் சுடும் குண்டு, கட்டடப் பழுது, வண்டி ஓடும் கிலோமீட்டர். ஒரு பிரிவுக்கு ஒதுக்கீட்டுக் குறைப்புக் கடிதம் வந்தால் நடப்பது இதுதான்: கிளட்ச் போன லாரி 'உதிரி எதிர்பார்க்கப்படுகிறது' என்ற குறிப்போடு ஷெட்டில் நிற்கும். குடியிருப்புக் கூரை ஒழுகுவதற்கு அடுத்த நிதியாண்டு என்று எழுதுவார்கள். சுடும் பயிற்சியில் ஆளுக்கு இத்தனை தோட்டா என்பது குறையும். இதில் எதுவும் செய்தித்தாளில் வராது. பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் மட்டும் படத்தோடு வரும்.

இதன் விளைவு பொதுவெளியில் பதிவாகியே இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017இல் அளித்த அறிக்கையின்படி, முந்தைய ஆண்டு செப்டம்பர் நிலவரத்தில் தரைப்படையின் 152 வகை வெடிபொருட்களில் 61 வகை, தீவிரப் போர் வந்தால் பத்து நாளுக்குக்கூடத் தாங்காத அளவில்தான் இருந்தன. பிறகு அவசரக் கொள்முதல் அதிகாரம் கொடுத்து நிலைமையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2013இல் சீன எல்லைக்கென்று சுமார் 90,000 வீரர்களும் 64,000 கோடிக்கு மேல் செலவும் கொண்ட மலைப்போர்ப் படையணிக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கென்று தனிப் பணம் வரவில்லை, பாதியிலேயே வேகம் குறைந்தது. வெட்டு என்பது கொழுப்பில் விழுவதில்லை, வாதாட ஆள் இல்லாத இடத்தில்தான் விழுகிறது. இதை நான் அனுபவத்திலிருந்து அடித்துச் சொல்வேன்.

முப்படைகளின் போட்டி இங்கேதான் உள்ளே நுழைகிறது. அது உண்மைதான். ஒளித்து மறைத்து நடப்பதும் இல்லை. 2019 டிசம்பரில் அப்போதைய கடற்படைத் தளபதி கரம்பீர் சிங், 2012இல் 18 சதவீதமாக இருந்த கடற்படையின் பங்கு 13 சதவீதமாக இறங்கிவிட்டது என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சில மாதங்களில், முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றிருந்த பிபின் ராவத், மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பலைவிட நீர்மூழ்கிகளே முக்கியம் என்ற பொருளில் பேசினார். 2021 ஜூலையில் அவர் விமானப்படையைத் தரைப்படைக்கு ஆதரவு தரும் பிரிவு என்று சொல்ல, விமானப்படைத் தளபதி பதௌரியா அன்றைக்கே மறுத்தார். 2025 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் நடந்த கருத்தரங்கில், முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ் வைக்கும் கூட்டுக் கட்டளை அமைப்புகளை அவசரப்பட்டுக் கொண்டுவர வேண்டாம் என்று விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் மேடையிலேயே சொன்னார்.

இதைப் பதவிச் சண்டை என்று சுருக்குவது நியாயம் இல்லை. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 போர் விமான அணிகள். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபின் இருப்பது 29. அந்தத் தளபதி தன் பங்குக்குப் போராடாவிட்டால் யார் போராடுவார்? கடற்படைக் கப்பல் ஒன்று கட்டி முடிய எட்டு, பத்து வருஷம் ஆகும். இன்றைக்குப் பங்கு குறைந்தால் அதன் விளைவு அடுத்த தளபதியின் காலத்தில் தெரியும். தரைப்படைக்குச் சம்பளமும் ஓய்வூதியமுமே பெரும்பங்கைத் தின்றுவிடுவதால் நவீனமயத்துக்குக் கையில் மிஞ்சுவது கொஞ்சம். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் இடத்தில் உண்மை. மூன்று உண்மைகளையும் ஒரு மேசையில் வைத்து, இதற்கு முன்னுரிமை, இது காத்திருக்கட்டும் என்று தீர்க்க நெடுங்காலம் ஆள் இல்லாமல் இருந்ததுதான் குறை. தீர்க்காமல் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்தால் ஒரே பொருளை இருவர் வாங்குவார்கள். அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரைப் பாருங்கள்: 2015 ஒப்பந்தத்தில் 22 விமானப்படைக்குப் போயின, தங்களுக்கும் தனியாக வேண்டும் என்ற தரைப்படைக்கு 2020இல் ஆறு. தரைப்படைக்குத் தனியே கொடுத்ததில் போர்முறை நியாயம் இருக்கலாம், அதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு பராமரிப்பு ஏற்பாடு, இரண்டு பயிற்சி ஏற்பாடு என்று போகும்போது செலவு கூடுகிறது என்பது கணக்கு.

பணம் தாராளமாக வரும்போது இந்தப் போட்டி வெளியே தெரியாது. இறுக்கும்போதுதான் வெடிக்கும். இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து செலவைச் சுருக்கிய அமெரிக்காவில், 1949இல் கட்டத் தொடங்கிய சில நாட்களிலேயே பெரிய விமானந்தாங்கிக் கப்பலை ரத்து செய்தார்கள். விமானப்படையின் பி-36 குண்டுவீச்சு விமானத்துக்கு முன்னுரிமை கிடைத்தது. அட்மிரல்கள் நாடாளுமன்றக் குழு முன் பகிரங்கமாகக் கொதித்தார்கள், கடற்படைத் தளபதி பதவி இழந்தார். அடுத்த ஆண்டே கொரியப் போர் வந்து இரண்டு தரப்பின் கணிப்பையும் புரட்டிப்போட்டது.

ஆனால் அமெரிக்கா வரை போவானேன்? நீங்கள் ஓடுகிற கடற்கரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கெடிலம் கடலில் சேரும் இடத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். 1758 ஏப்ரல் கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி புதுச்சேரியில் வந்து இறங்கினார். அவரைக் கொண்டுவந்த கப்பல்படைக்குத் தலைவர் தாஷே. ஏப்ரல் 29ஆம் தேதி கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரோடு மோதல். ஜூன் 2ஆம் தேதி கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில். அதே சூட்டில் சென்னையைப் பிடிக்கப் போகலாம் என்றார் லாலி. கப்பல்படை வராது என்றார் தாஷே. அவருக்கு ஆங்கிலேய வணிகக் கப்பல்களைப் பிடிப்பதில் நாட்டம். தரைப்படைத் தளபதி கப்பல்படைக்குக் கட்டளையிட முடியவில்லை. புதுச்சேரி நிர்வாகத்தின் கஜானாவோ காலி, படைக்குச் சம்பளம் கொடுக்கவே வழி இல்லை. பணம் தேடி லாலி தஞ்சாவூர் மன்னரின் பழைய கடன் பத்திரத்தை வசூலிக்கத் தெற்கே படையெடுத்தார். முற்றுகை தோற்றது. ஆகஸ்டில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மறுபடி மோதி அடிபட்ட தாஷே, செப்டம்பரில் மொரீஷியஸ் பக்கம் கிளம்பிவிட்டார். லாலி டிசம்பரில் தனியே சென்னையை முற்றுகையிட்டார். பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. லாலியைப் பாரிஸில் விசாரித்து 1766இல் தலையை வெட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் தோற்றதற்குக் காரணங்கள் இன்னும் உண்டு. ஆனால் பணத் தட்டுப்பாடும் இரண்டு படைகளின் பிணக்கும் ஒன்றையொன்று எப்படி வளர்க்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. கஜானா நிறைந்திருந்தால் தஞ்சாவூர்ப் பயணமே இருந்திருக்காது; இருவருக்கும் மேல் ஒரே தலைமை இருந்திருந்தால் கப்பல்கள் ஜூனிலேயே சென்னைக்குத் திரும்பியிருக்கலாம்.

இப்போது உங்கள் அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தம் சுமார் 63,000 கோடி. நாடு முழுக்க மீன்வளத் துறைக்கு 2020இல் அறிவித்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் ஐந்து ஆண்டுக்கு 20,050 கோடி. அதிலும் மாநிலங்களின் பங்கும் பயனாளிகள் போடும் பணமும் சேர்த்தே அந்தத் தொகை. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் கண்ட ஊரில், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கோபம் வருவது இயல்பு.

ஆனால் வெட்டிய பணம் நேரே தேவனாம்பட்டினத்துக்கு வரும் என்பது நடப்புக்கு ஒத்துவராது. 2025-26இல் மத்திய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, பாதுகாப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. செலவுக்கு இன்னும் கடன் வாங்கிக்கொண்டிருக்கிற அரசு ஓர் இடத்தில் மிச்சம் பிடித்தால், அந்த ஆண்டு வாங்கும் கடன் சற்றுக் குறையும், அவ்வளவுதான். துறைமுகத்துக்கு அது வர வேண்டுமென்றால் தனியாக ஓர் அரசியல் முடிவு வேண்டும். வெட்டுவதும் கொடுப்பதும் வேறுவேறு மேசையில் நடக்கிற வேலை.

பொருளாதாரத்துக்கு நல்லதா கெட்டதா என்பதில் பொருளாதார வல்லுநர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. 1970களில் எமில் பெனுவா என்பவர், வளரும் நாடுகளில் பாதுகாப்புச் செலவும் வளர்ச்சியும் சேர்ந்தே போகின்றன என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் பலர் அந்த முறையையே மறுத்தார்கள். என் அனுபவத்தில், பணம் எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். வெளிநாட்டுக்குப் போகும் தவணை டாலரிலோ யூரோவிலோ போகிறது. ரூபாய் சரிந்தால் அதே விமானத்துக்குக் கூடக் கொடுக்க வேண்டும். கொச்சியில் கட்டி 2022இல் படையில் சேர்த்த விக்ராந்த் கப்பலுக்கு ஆன சுமார் 20,000 கோடியில் பெரும்பகுதி இங்கேயே உள்ள தொழிலாளருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் போனது. 2021இல் ஆவடி தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள்; அதன் பின்னால் எத்தனையோ பட்டறைகள் நிற்கின்றன. உள்நாட்டில் ஆர்டரை வெட்டினால் முதலில் மூடுவது இந்தப் பட்டறைகள்தான். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருக்கின்றன, கடலூர் இல்லை. நமக்கு இதில் நேரடி வரவு குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வூதியத்தைச் சுமை என்று மட்டும் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா குடும்பங்களைப் பாருங்கள். பிரான்சிலிருந்து மாதாமாதம் வரும் பணம் அங்கே எத்தனை வீடு கட்டியது, எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்தது என்பது ஊரறிந்த விஷயம். நம் முன்னாள் படைவீரர்களின் பணமும் அப்படித்தான் மளிகைக் கடைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது. ஆயினும் மூலதனத்தை நெருக்குவது அதே தொகைதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

பொருளாதாரம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை கண்முன் இருக்கிறது. 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு, 2023 ஜனவரியில், இரண்டு லட்சம் அளவில் இருந்த ராணுவ எண்ணிக்கையை அடுத்த ஆண்டுக்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்பதாக அறிவித்தது. போர் முடிந்தே பதின்மூன்று ஆண்டு கடந்திருந்தது. நிதானமாக முன்பே செய்திருக்க வேண்டியதை, கஜானா காலியான பிறகு செய்தார்கள்.

இனி உங்களைப் பற்றி. 2022 ஜூனில் அக்னிபத் அறிவித்தபோது அரசு சொன்ன காரணம் படையின் சராசரி வயதைக் குறைப்பது. ஓய்வூதியச் சுமையும் ஒரு காரணம் என்பது என் ஊகம், கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் வலுவான ஊகம். நான்கு ஆண்டுப் பணி. முதல் வருஷம் மாதம் 30,000, நான்காம் வருஷம் 40,000. அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம், அரசும் அதே அளவு போடும். வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. நிரந்தரமாகத் தொடர்வது அதிகபட்சம் நான்கில் ஒருவர். பழைய முறையில் சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும். ஆக இந்த மாற்றத்தால் ஓய்வூதியத்தில் மிச்சம் தெரிவது 2030களின் இறுதியில்தான். அதுவரை இப்போதைய நெருக்கடி அப்படியே தொடரும். ஓடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நான்கு ஆண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டுக்கொண்டு ஓடுங்கள். உங்கள் வயதில் பாதுகாப்பு பட்ஜெட்டின் வெட்டு என்பது இந்த வடிவத்தில்தான் நம் ஊர் வாசலுக்கு வந்திருக்கிறது.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் பணத்திலேயே மீனவருக்கு நேராகப் பயன்படும் ஒரு பகுதி உண்டு. அது கடலோரக் காவல் படை. புதுச்சேரியில் அதன் மாவட்டத் தலைமையகம் இருக்கிறது. 2025-26இல் அதற்கு 9,676 கோடி, முந்தைய ஆண்டைவிட 26 சதவீதம் அதிகம். மூன்று படைகளின் பங்குச் சண்டையில் அது சேராது, அதனால் பேச்சிலும் அடிபடாது. புயலில் திசை மாறிய படகைத் தேடிப் போவது அந்தப் படையின் கப்பல்தான். பொதுவாக 'ராணுவச் செலவைக் குறை' என்று சொல்லும்போது அதுவும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

தூண்டில் வளைவு, துறைமுகம் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய இடம் மாநில மீன்வளத் துறை. மத்ஸ்ய சம்பதா தவிர, 2018-19இல் தொடங்கி 2025-26 வரை நீட்டித்த 7,522 கோடி மீன்வள உள்கட்டமைப்பு நிதியும் உண்டு; அது குறைந்த வட்டிக் கடன், துறைமுகத்துக்கு அதைக் கேட்டு மாநில அரசு முன்மொழிய வேண்டும். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் மனு எழுதும்போது எந்தத் திட்டத்தின் கீழ் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுவாக எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும். பட்ஜெட் ஆவணங்களை எங்கே எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டுமானால் இதன் கீழேயே கேளுங்கள், எழுதுகிறேன்.